சலீம் அலி பழந்தின்னி வௌவால்

சலீம் அலி பழந்தின்னி வௌவால் என்பது தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் ஓர் அரிய பாலூட்டி ஆகும். இதன் அறிவியற் பெயர் லாட்டிடென்ஸ் சலீமாலி. லாட்டிடென்ஸ் என்னும் பேரினத்தில் அறியப்பட்டுள்ள ஒரே இனம் இதுவே. தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் உள்ள மேகமலையில் 1948ஆம் ஆண்டில் முதன்முதலாகச் சேகரிக்கப்பட்ட இவ்வௌவால், வேறோர் இனத்தின் பெயரில் அருங்காட்சியகத்தில் இருந்து, 24 ஆண்டுகள் கழித்து 1972இல்தான் தனி இனமாக அறிவிக்கப்பட்டது. புதிய உயிரினம் ஒன்று காட்டில் மட்டுமன்றி அருங்காட்சியக இழுப்பறையிலும் கண்டுபிடிக்கப்படலாம் என்பதற்கு இவ்வௌவால் நல்ல எடுத்துக்காட்டு.

பெயர்

பேரினப் பெயரான லாட்டிடென்ஸ் என்பது 'அகன்ற பல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லாக்கம் ஆகும். இனப்பெயர், இந்தியப் பறவையியல் அறிஞர் சலீம் அலியை (1896–1987) சிறப்பிப்பது. பறவைகளுக்காகவே வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரின் பெயர் வௌவாலுக்கு இடப்பட்டிருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் இவ்வௌவால் பாதுகாக்கப்பட்டிருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வளர்ச்சியில் அவருடைய பங்கை எண்ணிப் பார்த்தால் இப்பெயர் பொருத்தமானதே எனலாம். பறவையொன்றுக்கும் அவர் பெயர் உண்டு: வடகிழக்கு இந்தியாவிலும் சீனாவிலும் வாழும் இமயமலைக் காட்டுப் பூங்குருவி ஒன்று 2016இல் தனி இனமாகப் பிரிக்கப்பட்டபோது அதற்கும் சலீமாலி என்றே பெயரிட்டனர்.

சேகரிப்பும் தவறான அடையாளமும்

மேகமலையை ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் 'ஹைவேவி' மலை என அழைத்தனர். அப்பெயர் இன்றும் ஹைவேவிஸ் பேரூராட்சியின் பெயரில் நிலைத்துள்ளது. சின்னமனூரிலிருந்து மலையேறிச் செல்வோர் முதலில் வறண்ட புதர்க்காடுகளையும் பின்னர் இலையுதிர் காடுகளையும் கடந்து, தேயிலைத் தோட்டங்களுக்கும் பசுமைமாறாக் காடுகளுக்கும் வந்து சேர்வர். 1940களில் இப்பகுதி மதுரை மாவட்டத்தில் இருந்தது. தேனி தனி மாவட்டமானது 1996இல்தான்.

இங்கு மலைத்தோட்டத் தொழிலில் இருந்த ஆங்கஸ் ஹட்டன் என்பவர் இயற்கை ஆய்விலும் ஆர்வம் கொண்டவர். இம்மலையின் பாலூட்டிகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் 1949இல் வெளிவந்தது. அவர் 1948இல் ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் சேகரித்த பழந்தின்னி வௌவால் ஒன்று அக்கழகத்தின் சேகரிப்பைச் சென்றடைந்தது. அங்கே அது குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் எனக் குறிக்கப்பட்டது.

இத்தவறு எவ்வாறு நேர்ந்தது என்பதை அறியக் குறுமூக்குப் பழந்தின்னி வௌவாலைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். இது இந்தியாவில் மிகப் பரவலாகக் காணப்படும் வௌவால்களுள் ஒன்று. இதன் வகைமாதிரியும் தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. தரங்கம்பாடியிலிருந்து பெறப்பட்டதைக் கொண்டு மார்ட்டின் வால் என்னும் அறிஞர் 1797இல் இதனை விவரித்தார். பனை, நெட்டிலிங்கம் போன்ற மரங்களில் ஓலைகளையும் இலைகளையும் கடித்து மடக்கிக் கூடாரம் போல அமைத்து அதனடியில் தங்கும். சென்னையில் பெசன்ட் நகர், அடையாறு பகுதிகளில் தெருவோர நாட்டுவாதுமை மரங்களுக்கு இரவில் வந்து, கனியைக் கடித்துச் சுவைத்துவிட்டுக் கொட்டையைக் கீழே நிற்கும் வண்டிகளின் மேல் போட்டுச் செல்வது பெரும்பாலும் இவ்வினமே.

இவ்வாறு எங்கும் காணக்கூடிய ஒரு வௌவாலின் அளவிலும் நிறத்திலும் மற்றொரு வௌவால் கிடைத்தால், அதனையும் இவ்வினம் என்றே கொள்வது இயல்பு. இரண்டுக்கும் முன்கையின் நீளம் ஏறத்தாழ 65 முதல் 70 மில்லிமீட்டர் வரை இருக்கும். இரண்டும் பழுப்பு நிறத்தன. வௌவால்களை அடையாளங்காண்பதில் முன்கை நீளமே முதலில் அளக்கப்படுவது என்பதால், அந்த ஓர் அளவை மட்டும் நம்பியவர் எவரும் இங்கு ஏமாந்திருப்பர். கணினியில் தவறான பெயரிட்டுச் சேமித்த கோப்பு அழிந்துபோவதில்லை. ஆனால் எத்தனை முறை தேடினாலும் கிடைப்பதுமில்லை. இவ்வௌவாலின் நிலையும் அதுவே.

வாலும் பல்லும்

தாய்லாந்து விலங்கியலாளரான கிட்டி தொங்லொங்யா, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பிலிருந்த இம்மாதிரியை ஆராய்ந்தபோது, குறுமூக்குப் பழந்தின்னி வௌவாலில் இருக்க வேண்டிய சில உறுப்புகள் இதில் இல்லாததைக் கண்டார்.

முதலாவது வால். குறுமூக்குப் பழந்தின்னி வௌவாலுக்குச் சிறியதாயினும் வெளியே தெரியும் வால் உண்டு. மேகமலை மாதிரிக்கு வெளிவால் அறவே இல்லை. இரண்டாவது பற்கள். குறுமூக்குப் பழந்தின்னி வௌவாலின் மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு வெட்டுப்பற்கள் உள்ளன. மேகமலை வௌவாலுக்கோ ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றே ஒன்று. மேலும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவாலின் காதுகளைச் சுற்றி வெளிறிய விளிம்பு காணப்படும். இதில் அது இல்லை.

பாலூட்டிகளின் வகைப்பாட்டில் பற்களுக்குத் தனி இடம் உண்டு. உடலின் நிறம் வயதாலும் பருவத்தாலும் மாறும். பதப்படுத்திய தோல் பல ஆண்டுகளில் வெளிறிப் போகும். சாராயத்தில் இட்ட மாதிரியும் நிறம் மாறும். பற்களின் எண்ணிக்கையும் அமைப்பும் அவ்வாறு எளிதில் மாறுவதில்லை. ஒரு தனி விலங்குக்குப் பல் ஒன்று குறைவாக முளைத்திருக்கலாம் என்னும் ஐயம் எழலாம். ஆனால் மேலும் கீழும், இடமும் வலமும் ஒரே சீராக வெட்டுப்பல் குறைந்து, எஞ்சிய பற்களின் வடிவும் வேறாக இருந்து, வாலும் இல்லையெனில் அதனைக் குறைபாடு எனத் தள்ளிவிட முடியாது. தொங்லொங்யா இவ்வேறுபாடுகளை ஓர் இனத்துக்குள் அடங்குவனவாகவோ ஒரே பேரினத்தின் இரு இனங்களுக்கு இடைப்பட்டனவாகவோ கருதவில்லை. புதிய பேரினம் ஒன்றையே நிறுவி, 1972இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். அப்போது அவர் கையில் இருந்தது ஒரே ஒரு மாதிரி.

புதிய இனம் என அறிவித்தல்

ஓர் உயிரினத்தைக் கண்டதாலோ படம் எடுத்ததாலோ மட்டும் அது அறிவியலுக்குப் புதிய இனம் ஆகிவிடுவதில்லை. விலங்குகளின் பெயரீடு, 1758இல் வெளிவந்த லின்னேயசின் நூற்பதிப்பைத் தொடக்கமாகக் கொண்டு, பன்னாட்டு நெறிமுறை ஒன்றால் ஒழுங்குபடுத்தப்படுகிறது. அதன்படி புதிய பெயர் முறையாக வெளியிடப்பட வேண்டும். பிற இனங்களிலிருந்து அதனை வேறுபடுத்தும் பண்புகள் கூறப்பட வேண்டும். அப்பெயரைச் சுமக்கும் வகைமாதிரி எது என்பதும் குறிப்பிடப்பட வேண்டும். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் எவரும் சென்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு உரிய சான்று அவ்வகைமாதிரியே.

இதில் இனம் என்பதற்கும் பேரினம் என்பதற்கும் வேறுபாடு உண்டு. இயற்கையில் தமக்குள் இனப்பெருக்கம் செய்து தனித்து நிற்கும் கூட்டம் இனம் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. பேரினத்தின் எல்லையை எங்கு வரைவது என்பது பெரும்பாலும் ஆய்வாளரின் கணிப்பு. அக்கணிப்பு பின்வந்த ஆய்வுகளால் மாறுவதும் உண்டு. நமது வரையாடே நீண்டகாலம் இமயமலை ஆட்டின் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்து, மரபணு ஆய்வுக்குப் பின் 2005இல் தனிப் பேரினம் பெற்றது. லாட்டிடென்ஸ் இதுவரை அசையவில்லை.

கிட்டி தொங்லொங்யா

இவ்வௌவாலுக்குப் பெயரிட்டவரைப் பற்றி இங்கு சில சொற்கள் கூறுவது தகும். கிட்டி தொங்லொங்யா (1928–1974) தாய்லாந்தின் நக்கோன் சவான் மாகாணத்தில் உள்ள புங் பொரப்பெட் ஏரியில் வெண்கண் ஆற்றுத் தகைவிலான் என்னும் பறவையை 1968இல் கண்டறிந்தவர். லாட்டிடென்சை விவரித்த அடுத்த ஆண்டில், காஞ்சனபுரி மாகாணத்தின் சாய் யோக் குகைகளில் மிகச் சிறிய வௌவால் ஒன்றைச் சேகரித்தார். அதன் எடை ஏறத்தாழ 2 கிராம். உடல் நீளம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். அதனை விவரித்து எழுதுவதற்குள் 1974 பிப்ரவரியில் இறந்துபோனார். அவர் அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு பிரித்தானிய அருங்காட்சியகத்தின் ஜான் எட்வர்ட்ஸ் ஹில், அவ்வாண்டிலேயே அதற்குப் புதிய குடும்பம் ஒன்றை நிறுவி, இனப்பெயராகத் தொங்லொங்யாவின் பெயரையே இட்டார். உலகின் மிகச் சிறிய வௌவால் அதுவே. மேகமலை வௌவாலும் சாய் யோக் வௌவாலும் பற்களையும் எலும்புகளையும் பொறுமையாகப் பார்க்கத் தெரிந்த ஒரே மனிதரின் கண்ணில் பட்டவை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

தென்கிழக்காசியத் தீவு உறவினர்கள்

தொங்லொங்யா தென்கிழக்காசிய வௌவால்களை நன்கு அறிந்தவராக இருந்தது இங்கு பெரிதும் பயன்பட்டிருக்கும். ஏனெனில் லாட்டிடென்சின் நெருங்கிய உறவினர்கள் இந்தியாவில் இருப்பதைவிட அங்குதான் மிகுதி. குறுமூக்குப் பழந்தின்னி வௌவாலையும் லாட்டிடென்சையும் உள்ளடக்கிய கூட்டத்தின் பேரினங்களுள் பெரும்பாலானவை மலாய்த் தீபகற்பம், போர்னியோ, சுலவேசி, பிலிப்பீன்சு ஆகிய இடங்களில் வாழ்கின்றன.

அவற்றுள் அலியோனிக்டெரிஸ் என்னும் பேரினம் சிறப்பாக ஒப்பிடத்தக்கது. பிலிப்பீன்சின் மிண்டனாவோ தீவிலுள்ள கிட்டாங்லாட் மலைக்காட்டிலிருந்து, டீட்டர் கோக் என்னும் செருமானிய அறிஞர் 1969இல் இதனை விவரித்தார். இதுவும் ஒரே இனத்தைக் கொண்ட பேரினம். இதுவும் உயர்மலைக் காட்டுக்கு உரியது. இதன் இனப்பெயரின் பொருளும் 'குறைந்த பற்களை உடையது' என்பதே. மூன்றாண்டு இடைவெளியில், ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள இரு மலைகளிலிருந்து இத்தகைய இரு வௌவால்கள் பெயர் பெற்றன.

தீவுகளில் புதிய இனங்கள் மிகுதியாகக் கிடைப்பதற்குக் காரணம் எளிது. கடலால் பிரிக்கப்பட்ட கூட்டம் பிறவற்றுடன் கலவாமல் பல்லாயிரம் தலைமுறைகள் தனித்து மாறுபடுகிறது. பறக்க வல்ல வௌவாலுக்குக் கடல் ஒரு தடையா என்று கேட்கலாம். பெரிய பழந்தின்னி வௌவால்கள் கடலைக் கடப்பது உண்டு. ஆனால் ஈரமான மலைக்காட்டை விட்டு வெளியேறாத சிறிய இனங்களுக்குக் குறுகிய நீர்ப்பரப்பும் வலுவான எல்லையே. அவ்வகை இனத்துக்குக் கடலும் வெப்பமான வறண்ட சமவெளியும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே கம்பம் பள்ளத்தாக்கின் வெயிலுக்கு மேலே குளிர்ந்து நிற்கும் மேகமலையையும், தெற்கே அகத்தியமலையையும் நிலத்தின் மேல் நிற்கும் தீவுகள் என்று கொள்வதில் தவறில்லை.

பிலிப்பீன்சின் மிண்டோரோ தீவில் நிகழ்ந்தது இங்கு குறிப்பிடத்தக்கது. முகத்தில் வெண்பட்டைகளைக் கொண்ட பழந்தின்னி வௌவால் பேரினம் ஒன்று அதுவரை இந்தோனேசியாவின் சுலவேசிப் பகுதிக்கு மட்டுமே உரியது எனக் கருதப்பட்டிருந்தது. மிண்டோரோவின் மக்கள் அத்தகைய வௌவால் தம் காட்டில் உண்டென ஆய்வாளர்களிடம் கூறினர். 2006இல் அது வலையில் சிக்கியது. 2007இல் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. அறிவியலுக்குப் புதியது எல்லாம் அங்கு வாழும் மக்களுக்கும் புதியது என்று எண்ணுவது தவறு.

மீள்கண்டுபிடிப்பு

1972இல் பெயர் கிடைத்த பின்னரும் நெடுங்காலம் எவரும் இவ்வௌவாலை உயிருடன் கண்டதாகப் பதிவு இல்லை. ஒரே மாதிரியை வைத்துக்கொண்டு ஆணும் பெண்ணும் எவ்வாறு வேறுபடும், குட்டிகள் எப்போது பிறக்கும், எதனை உண்ணும், எங்குத் தங்கும் என எதனையும் சொல்ல இயலாது. இனம் அழிந்துவிட்டதா என்னும் வினாவுக்கும் விடை இல்லை. இங்கிலாந்தின் ஹாரிசன் விலங்கியல் அருங்காட்சியகத்தினரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினரும் மேற்கொண்ட தேடலில் 1993இல் மேகமலைப் பகுதியிலேயே இது மீண்டும் கிடைத்தது. ஹட்டனின் சேகரிப்புக்கும் இதற்கும் இடையே 45 ஆண்டுகள் ஓடியிருந்தன. பின்னர் திருநெல்வேலிப் பகுதியின் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்திலும் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்திலும் இவ்வினம் கண்டறியப்பட்டது.

தோற்றம்

நடுத்தர அளவுள்ள வௌவால். தலையும் உடலும் சேர்ந்து ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளம். தலையில் கருமை கலந்த பழுப்பு மயிர் அடர்ந்திருக்கும்; முகவாயும் மயிரால் மூடப்பட்டது. அடிப்புறம் வெளிறிய சாம்பற் பழுப்பு. இறக்கைச் சவ்வு இளம்பழுப்பு. காது நுனி வட்டமானது. வெளிவால் இல்லை.

வாழிடமும் உணவும்

பசுமைமாறாக் காடுகளிலும் அவற்றை ஒட்டிய காப்பி, ஏலத் தோட்டங்களிலும் வாழ்கிறது. பகலில் குகைகளிலும் பாறை இடுக்குகளிலும் தங்கும். ஓலைக் கூடாரத்தில் தங்கும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவாலிலிருந்து இது பழக்கத்திலும் வேறுபடுகிறது என்பதைக் கவனிக்க.

காட்டு அத்தி வகைகளும் உருத்திராக்கக் குடும்ப மரங்களின் கனிகளும் இதன் உணவில் அடங்கும். அத்திப்பழத்தின் நுண்ணிய விதைகள் வௌவாலின் குடலைக் குறுகிய நேரத்தில் கடந்து, பறக்கும் வழியிலேயே எச்சத்துடன் விழுகின்றன. விழுங்க முடியாத பெரிய கொட்டையுள்ள கனிகளை வௌவால் கவ்விக்கொண்டு வேறொரு மரத்துக்குச் சென்று, சதையைத் தின்றபின் கொட்டையைப் போடும். பெசன்ட் நகரில் வண்டியின் மேல் விழும் வாதுமைக் கொட்டை மலைக்காட்டில் விழுந்தால் அது விதைப்பு. பறவைகள் பெரும்பாலும் கிளையில் அமர்ந்து எச்சமிடுவதால் விதைகள் மரத்தடியில் சேரும். வௌவால்களோ திறந்த வெளியைக் கடக்கும்போதும் விதைகளைச் சிதறுகின்றன. அழிந்த காடு மீளத் துளிர்ப்பதில் இதற்குப் பங்கு உண்டு.

சட்டநிலை

இந்தியாவின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டதும், இவ்வௌவால் பெயர் பெற்றதும் ஒரே ஆண்டில், 1972இல் நிகழ்ந்தன. அச்சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, காகம், எலி ஆகியவற்றுடன் பழந்தின்னி வௌவால்களையும் தீங்குயிர்கள் என வகைப்படுத்தியது. தீங்குயிர் எனப்பட்டதைக் கொல்வதற்கு எவ்வித அனுமதியும் வேண்டியதில்லை. இந்தியாவில் எத்தனை வகைப் பழந்தின்னி வௌவால்கள் உள்ளன, அவற்றுள் எது அரிது என்னும் பாகுபாடு அதில் இல்லை. உலகில் ஒரே ஒரு மாதிரியால் மட்டும் அறியப்பட்டிருந்த பாலூட்டி ஒன்று, பட்டியலில் இருந்த ஒற்றைச் சொல்லால் எலியுடன் சேர்க்கப்பட்டது.

பின்னர் சலீம் அலி பழந்தின்னி வௌவால் மட்டும் அப்பட்டியலிலிருந்து விலக்கப்பட்டு, மிகுந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. தனிப்பெயர் இருந்ததால்தான் இது இயன்றது. குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்னும் சீட்டுடனேயே அது இன்றும் இழுப்பறையில் இருந்திருப்பின், விலக்களிக்கச் சட்டத்தில் எதனை எழுதுவது? எனினும், இரவில் வலைவிரிப்பவர் வெட்டுப்பற்களை எண்ணிப் பார்த்துக் கொல்வதில்லை; பிற பழந்தின்னி வௌவால்களைக் கொல்லலாம் என இருந்தவரை இதற்கும் முழுப் பாதுகாப்பு இருந்ததாகக் கூற முடியாது. 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தீங்குயிர் அட்டவணையையே நீக்கியது. அத்திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் இது அருகிய இனமாகக் குறிக்கப்பட்டுள்ளது. மேகமலைக் காடுகள் 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்குகின்றன.

அச்சுறுத்தல்கள்

காட்டு மரங்கள் வெட்டப்படுவதும், தங்கும் குகைகள் கலைக்கப்படுவதும் முதன்மையானவை. தோட்டங்களில் நிழலுக்காக விடப்பட்ட காட்டு மரங்கள் இவ்வௌவாலுக்கு உணவளிப்பன. அவற்றை அகற்றிவிட்டு விரைவில் வளரும் அயல் மரங்களை நட்டால் தோட்டம் பசுமையாகவே தோன்றும், வௌவாலுக்கு மட்டும் உணவிராது. இறைச்சிக்காகவும், இளைப்பு நோய்க்கு மருந்து என்னும் நம்பிக்கையாலும் வௌவால்கள் வேட்டையாடப்படுகின்றன. இந்நம்பிக்கைக்கு மருத்துவச் சான்று இல்லை. பழந்தின்னி வௌவால்கள் பொதுவாக ஓர் ஈற்றில் ஒரு குட்டியே ஈனுவதால், ஒரு குகையில் நிகழும் வேட்டையின் இழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் ஆகும்.

கேரளத்தில் 2018இல் நிப்பா நோய் பரவியதையடுத்து வௌவால்களைப் பற்றிய அச்சம் பெருகியது. அந்நோய்க்கிருமியுடன் தொடர்புபடுத்தப்படுவது மரங்களில் கூட்டமாகத் தொங்கும் பெரிய இந்தியப் பழந்தின்னி வௌவால் ஆகும். அதனையும் கொல்வதாலோ தங்குமிடத்தைக் கலைப்பதாலோ நோய் தடுக்கப்படுவதில்லை. கலைக்கப்பட்ட கூட்டம் வேறிடங்களுக்குச் சிதறுவதே நிகழும். வௌவால் கடித்த கனிகளை உண்ணாமலும், வௌவால்களைக் கையால் தொடாமலும் இருப்பதே உரிய முன்னெச்சரிக்கை.

களத்தில் அடையாளங்காணல்

மேகமலை, அகத்தியமலைப் பகுதிகளில் இறந்த அல்லது அடிபட்ட பழந்தின்னி வௌவால் ஒன்றைக் காண்போர், தொடாமல் நின்று மூன்றைப் பார்க்கலாம்: கால்களுக்கிடையே சிறுவால் நீட்டிக்கொண்டிருக்கிறதா, காதுகளின் ஓரம் வெளிறியிருக்கிறதா, வாய் திறந்திருப்பின் கோரைப்பற்களுக்கு இடையே மேல்தாடையில் உள்ள வெட்டுப்பற்கள் நான்கா இரண்டா. வாலும் வெளிறிய விளிம்பும் இன்றி, வெட்டுப்பற்கள் இரண்டே இருப்பின் படம் எடுத்து, இடத்தையும் நாளையும் குறித்துக்கொண்டு வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.